ஐம்பத்தோராவது தலை

பெங்காசி, லிபியா
20 ஏப்ரல் 1993

அன்புள்ள பெண்ணம்மாவுக்கு,

ஈசோவுக்குத் துதி. நீயும் வர்க்கியும் பிள்ளைகள் இரண்டு பேரும் நலம்தானே? எனக்கு ஒரு குறையும் இல்லை. முட்டிவலி மட்டும் என்னோடு சேர்ந்து டியூட்டி பார்க்கிறது. இந்த நாட்டில் விமானம் இறங்கக் கூடாது என்று தடை போட்டதிலிருந்து கடிதங்கள் கப்பலும் பஸ்ஸும் ஏறி ஊர் சுற்றிவிட்டுத்தான் வருகின்றன. நோன்புக்கு முன்னால் நீ போட்டது ஈஸ்டர் கழிந்து கையில் கிடைத்தது.

விஷயத்துக்கு வருகிறேன். என் டெஸ்ஸியை இந்த ஜூனில் டவுனில் புதிதாகத் திறந்திருக்கிற இங்கிலீஷ் மீடியத்தில் ஒன்பதாம் வகுப்பில் சேர்த்துவிடு. பணம் தனியாக டிராஃப்ட் எடுத்து அனுப்பியிருக்கிறேன். இங்கே வந்த புதிதில் இங்கிலீஷ் தெரியாமல் நான் பட்டது போதும். டாக்டர் கேட்பது நோயாளியின் வலியையா, படுக்கைச் சட்டியையா என்று புரியாமல் இரண்டுக்கும் தலையாட்டிக்கொண்டு நின்றவள் நான். அவள் அப்பா போனபிறகு உன் கையில் விட்ட பிள்ளை. நீதான் நின்று செய்ய வேண்டும். இனி அந்த ஒழுகுகிற ஸ்கூலின் வாசலை அவள் மிதிக்கக் கூடாது.

லிஜிக்கும் சேர்த்து நானே கட்டுகிறேன் என்று போன தடவை எழுதினேன். "எம் பொண்ணுக்குக் கட்ட எனக்குக் கை இருக்கு"ன்னு வர்க்கி சொன்னதாக எழுதினாய். அந்தக் கை ரப்பர் மரத்தைக் கீறிக்கொண்டே இருக்கட்டும். சரி, லிஜி ஒன்பதாம் வகுப்பும் ஆனக்குழி கவர்மென்ட் ஸ்கூலிலேயே படிக்கட்டும். கணக்கும் சயன்சும் மட்டும் கைவிட்டுவிடக் கூடாது. அவளை நர்சிங்கில் சேர்த்து இங்கே கொண்டுவருவது என் வேலை. ஆனால் மார்க் இல்லாமல் நான் வாயால் சொல்லி ஒன்றும் நடக்காது, அதை அவளிடம் சொல்.

எல்லோருக்கும் என் அன்பு.
உன் ரோசக்குட்டிச் சேச்சி


ஆனக்குழி
14 மே 1993

பிரியமுள்ள சேச்சிக்கு,

ஈசோவுக்குத் துதி. இங்கே எல்லோரும் நலம். சேச்சியின் முட்டிக்கு ஒரு குப்பித் தைலம் காய்ச்சி வைத்திருக்கிறேன், யார் கையில் கொடுத்துவிடுவது என்றுதான் தெரியவில்லை.

சேச்சி சொன்னபடி டெஸ்ஸிக்கு டீசி கேட்டு எழுதிக் கொடுத்தேன். மறுநாள் சாயங்காலம் ஹெட்மாஸ்டர் குஞ்ஞிராமன் மாஷ் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேடேறி வந்துவிட்டார். கட்டன் சாயா கொடுத்தேன், குடிக்கவில்லை.

"டீசி தர மாட்டேன்னு சொல்லல மோளே. ஸ்கூல் திறந்து ஒரு வாரம் பொறுத்து வாங்கிக்கோ."

"ஏன் மாஷே?"

"ஸ்கூல் திறந்து ஆறாம் நாள் ஆபீசர் வந்து தலை எண்ணுவான். அன்னிக்கு எத்தனை தலையோ அதுக்குத்தான் கவர்மென்ட் வருஷம் முழுக்க வாத்தியார் தரும், சம்பளம் தரும். ஒன்பதாம் கிளாஸ்ல ஐம்பத்தொண்ணு இருந்தா ரெண்டு டிவிஷன். ஐம்பதுன்னா ஒண்ணு. எப்படிக் கூட்டினாலும் உன் டெஸ்ஸியோட சேர்த்துத்தான் எனக்கு ஐம்பத்தொண்ணு வருது."

ஒரு டிவிஷன் விழுந்தால் ஒரு டீச்சரை வேறு எங்காவது தூக்கிப் போட்டுவிடுவார்களாம். கடைசியாக வந்தவர்தான் போக வேண்டுமாம். நம் ஸ்கூலில் கடைசியாக வந்தது வத்சலா டீச்சர், கணக்கு. லிஜி வீட்டுக்கு வந்தால் வத்சலா டீச்சர் புராணம்தான். டீச்சர் வந்தபிறகுதான் அவளுக்குக் கணக்கில் பயம் விட்டுப்போயிற்று.

"பிள்ளைங்களைப் படிக்க வைக்கிறாங்களா, ஆடு எண்ணுறாங்களா?" என்று இவர் சிரித்தார். மாஷ் சிரிக்கவில்லை.

ஆனால் டவுன் ஸ்கூலில் இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதியோடு பேர் சேர்ப்பதை முடித்துவிடுவார்களாம். டீசி இல்லாமல் பேர் எழுத மாட்டோம், அந்தச் சீட்டுக்கு இன்னும் ஆள் நிற்கிறது என்று ஆபீசில் இருக்கிற பையன் சொல்கிறான். நான் என்ன செய்ய? சேச்சி ஒரு வார்த்தை எழுதினால் போதும். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

என்று,
தங்கை பெண்ணம்மா


பெங்காசி
2 ஜூன் 1993

அன்புள்ள பெண்ணம்மாவுக்கு,

ஈசோவுக்குத் துதி. உன் கடிதம் இன்று மதியம் கிடைத்தது, ராத்திரியே எழுதுகிறேன். தைலத்தை அங்கேயே வைத்திரு, நான் வரும்போது மொத்தமாகக் குளிக்கிறேன்.

குஞ்ஞிராமன் மாஷ் வாய்விட்டுக் கேட்டாரா? அப்படியானால் ஒரு வாரம் என்ன, ஒரு மாதம் கொடு. நான் பத்தாம் வகுப்பு தாண்டியதே அவர் சாயங்காலத்தில் சும்மா வைத்த வகுப்பால்தான். சீட் போனால் போகட்டும், இன்னும் கொஞ்சம் பணத்தை நீட்டினால் எந்தப் பூட்டும் திறக்கும். ஆறாம் நாள் டெஸ்ஸி முதல் பெஞ்சில் உட்கார்ந்து எண்ணிக்கை கொடுத்துவிட்டுத்தான் போவாள் என்று மாஷிடம் நான் சொன்னதாகவே சொல். லிஜியின் டீச்சரை நாமே விரட்டுவோமா?

நோயாளி மணி அடிக்கிறான். முடிக்கிறேன்.
ரோசக்குட்டி


ஆனக்குழி
27 ஜூன் 1993

பிரியமுள்ள சேச்சிக்கு,

ஈசோவுக்குத் துதி. எல்லோரும் நலம். சேச்சி ஜூன் இரண்டாம் தேதி எழுதியது நேற்றுத்தான் வந்து சேர்ந்தது. மூன்று தடவை படித்தேன்.

டெஸ்ஸி விஷயம் ஒரு தடங்கலும் இல்லாமல் முடிந்தது. கழுத்தில் டை கட்டி, ஷூ போட்டு, மஞ்சள் பஸ்ஸில் போகிறாள். ஷூ கடித்துக் குதிகாலில் கொப்புளம், மற்றபடி சந்தோஷம்தான். அவளுடைய கடிதம் உள்ளே வைத்திருக்கிறேன். இனி வீட்டுக்கும் இங்கிலீஷில்தான் எழுத வேண்டும் என்று அங்கே சட்டமாம். சேச்சிக்கே புரிகிறதா என்று பாருங்கள்.

நம் ஸ்கூலில் ஆறாம் நாள் சரியான மழை. பஸ் வரவில்லை. மாஷ் கைக்காசு போட்டு ஜீப் பிடித்து, டீச்சர்மார் மலைக் காலனி முழுக்க ஏறி இறங்கி, தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளையும் அள்ளிக்கொண்டு வந்தார்கள். அம்மை போட்டிருந்த ஒரு பெண்ணைக்கூட வராந்தாவில் தனி ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார்களாம். "தொட வேண்டாம் சார், எண்ணினா போதும்" என்றாராம் மாஷ். பாயசம் வேறு வைத்திருந்தார்கள்.

ஆபீசர் இரண்டு தடவை எண்ணினார். ஐம்பது. மாஷ் இன்னொரு தடவை எண்ணச் சொன்னாராம். "எண்ண எண்ணப் பெருகுறதுக்கு இதென்ன சேனைக்கிழங்கா?" என்று அந்த ஆள் பேனாவை மூடிவிட்டாராம்.

ஒரு தலைதான் குறைவு. இரண்டு டிவிஷனும் ஒன்றாகிவிட்டது. லிஜி அன்றைக்குப் பாயசம் குடிக்காமல் வந்தாள்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. மழைக்கு ரப்பர் வெட்டு நின்றுபோயிற்று.
தங்கை பெண்ணம்மா


பெங்காசி
20 ஜூலை 1993

பெண்ணம்மாவுக்கு,

ஈசோவுக்குத் துதி. உடம்பெல்லாம் நலம், மனசுதான் எரிகிறது.

ஒரு தலையா? ஒரே ஒரு தலைக்கா ஐம்பது பிள்ளைகளின் கணக்கு டீச்சரைக் கொண்டுபோகிறார்கள்? எங்கள் வார்டில் ஒரு நோயாளி செத்தால் மறுநாள் ஒரு நர்ஸைக் குறைப்பார்களா? இப்படி ஒரு சட்டத்தை எழுதியவனை நிற்க வைத்து ஊசி போட வேண்டும், அதுவும் மழுங்கின ஊசியால்.

அதைவிட எனக்கு ஆத்திரம், கடைசி நேரத்தில் பிள்ளையை இழுத்துக்கொண்டு போன குடும்பத்தின் மேல்தான். யார் அது? புதிதாக மாடி எழுப்பிய அந்த மில்காரர்களா? விகாரி அச்சனிடம் சொல்லி ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் பேரைச் சொல்லச் சொல். என் பிள்ளையும்தான் போனாள். ஆனால் உட்கார்ந்து எண்ணிக்கை கொடுத்துவிட்டுப் போனாள். பணம் யாருக்கும் வரும் பெண்ணம்மா, அடுத்தவன் பிள்ளையை நினைக்கிற மனசு எல்லோருக்கும் வராது.

மனு ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். மாஷிடம் கையெழுத்து வாங்கி நீயே ஜில்லா ஆபீசுக்குக் கொண்டு போ. வாய் மூடி நிற்காதே. உனக்குச் சின்ன வயசிலிருந்தே அதுதான் வழக்கம்.

பேர் என்ன என்று மறக்காமல் எழுது.
ரோசக்குட்டி


ஆனக்குழி
22 ஆகஸ்ட் 1993

பிரியமுள்ள சேச்சிக்கு,

ஈசோவுக்குத் துதி. முட்டிவலி எப்படி இருக்கிறது? குளிர்ந்த தண்ணீரில் நிற்க வேண்டாம்.

சேச்சியின் மனுவைக் கொண்டுபோனோம். மாஷும் நானும், பெண்பிள்ளைகள் உள்ள இன்னும் இரண்டு அம்மாமாரும். மூன்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது ஆபீசர் இல்லை. கிளார்க்தான் இருந்தார்.

"ஒரு பிள்ளைதான் சார் குறைவு" என்றேன்.

"ஒண்ணு குறைஞ்சாலும் குறைவு, பத்து குறைஞ்சாலும் குறைவு."

"இப்ப ஒரு பிள்ளையைக் கொண்டு வந்து சேர்த்தா?"

"அடுத்த ஜூன்ல சேருங்க. எண்ணுவோம்."

"எங்க பிள்ளைங்க ஒன்பதாம் கிளாஸ் படிக்கிறது இந்த வருஷம்தானே சார்?"

அவர் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார். அப்புறம் கொஞ்சம் இரங்கி, "அம்மா, எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு" என்றார். எங்கே படிக்கிறாள் என்று கேட்டேன். இங்கிலீஷ் மீடியமாம்.

வத்சலா டீச்சருக்குப் போன மாதமே ஆர்டர் வந்துவிட்டது. தெற்கே எங்கேயோ, ஒரு பகல் முழுக்க ரயிலில் போக வேண்டிய ஊர். கைக்குழந்தையோடு போனார். கடைசிப் பீரியடில் மூன்று பாடத்தை ஒரேயடியாக எழுதிப் போட்டாராம். அழித்து அழித்து எழுதியதில் முகமெல்லாம் சுண்ணாம்புப் பொடி. "டீச்சர் அழுதாங்களா, பொடி விழுந்துச்சான்னு தெரியலம்மா" என்று லிஜி சொன்னாள்.

இப்போது ஒரே அறையில் ஐம்பது பேர். பெஞ்சுக்கு ஏழு. எழுதும்போது ஒருத்தி கையைத் தூக்கினால்தான் இன்னொருத்தி எழுத முடியும். மிச்சம் இருக்கிற ஒரே கணக்கு வாத்தியாருக்கு எட்டும் பத்தும் பார்க்கவே நேரம் போதவில்லை. வெள்ளிக்கிழமை எட்டிப் பார்ப்பார், அதுவும் எப்போதாவது. மற்ற நாட்களில் கணக்குப் பீரியடுக்குத் தையல் டீச்சர் வந்து உட்காருகிறார். அவருக்குத் தெரிந்ததைத்தானே அவர் சொல்லிக் கொடுக்க முடியும்?

அந்தக் குடும்பம் யார் என்று கேட்க வேண்டாம் சேச்சி. அவர்களுக்கும் ஏதாவது ஒரு அவசரம் இருந்திருக்கும்.

லிஜி தன் பேரம்மாவுக்கு, சேச்சிக்குத்தான், ஒரு கைக்குட்டை தைத்திருக்கிறாள். பெங்காசிக்குத் திரும்புகிற ஒரு நர்சின் கையில் தைலக் குப்பியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன்.

தங்கை பெண்ணம்மா


பெங்காசி
10 அக்டோபர் 1993

அன்புள்ள பெண்ணம்மாவுக்கு,

ஈசோவுக்குத் துதி. தைலம் வந்தது, வழியில் பாதி ஒழுகிவிட்டது. மிச்சத்தைத் தடவியதில் வார்டு முழுக்க நம் ஊர் வாசனை. ஒரு அரபிக் கிழவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

கைக்குட்டை என்ன அழகு! மூலையில் ஒரு சின்ன நர்ஸ் தொப்பியை எவ்வளவு நெருக்கமாகத் தைத்திருக்கிறாள். பிலிப்பைன்ஸ்காரிகள் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். "இவதான் எங்க வீட்டு அடுத்த நர்ஸ்" என்று சொன்னேன். படிப்புக்கு நடுவே இதற்கும் அவளுக்கு நேரம் கிடைக்கிறதே, கெட்டிக்காரி.

டெஸ்ஸி சாயங்காலம் அவளுக்குக் கணக்குச் சொல்லித் தரட்டும். அவ்வளவு பணம் கட்டுகிறோம், அதில் கால்வாசி லிஜிக்கும் கிடைக்கட்டும். ஓணப் பரீட்சையில் கணக்கில் என்ன மார்க்? நீ எழுதவே இல்லையே.

அந்தக் குடும்பத்தை ஏன் மூடி மறைக்கிறாய்? மில்காரனிடம் ஏதாவது கடன் வாங்கியிருக்கிறாயா?

ரோசக்குட்டி


ஆனக்குழி
20 நவம்பர் 1993

பிரியமுள்ள சேச்சிக்கு,

ஈசோவுக்குத் துதி. நலம், நலம் அறிய ஆவல். யாரிடமும் கடன் இல்லை.

டெஸ்ஸி சொல்லிக் கொடுக்கத்தான் பார்த்தாள். அவள் புத்தகம் இங்கிலீஷ், இவள் புத்தகம் மலையாளம். முக்கோணத்தில் சாய்வாக ஒரு கோடு வருமாமே, அதை டெஸ்ஸி ஹைபாட்டனியூஸ் என்கிறாள். லிஜி கர்ணம் என்கிறாள்.

"ரெண்டும் ஒண்ணுதானேடி?" என்றேன்.

"ஒண்ணுன்னா எதுக்கும்மா ரெண்டு பேரு? எம் பேப்பர்ல அவ சொல்றதை எழுதினா மார்க் போடுவாங்களா?"

"உங்க பேரைச் சொன்னா எங்க மிஸ் ஃபைன் போடும்" என்கிறாள் டெஸ்ஸி.

"ஒரு கோட்டுக்கு ரெண்டு பேர் வச்சு எங்க வீட்டுல சண்டை மூட்டுறானுங்களே" என்று இவர் விளக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சண்டையில் லிஜி ஏதோ சொல்லிவிட்டாள். டெஸ்ஸி அழுதாள். இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை, இப்போது சரியாகிவிட்டது. பெண்பிள்ளைகள் சண்டைதானே.

மார்க் எழுத மறந்துவிட்டேன். அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

தங்கை பெண்ணம்மா


பெங்காசி
5 ஜனவரி 1994

பெண்ணம்மாவுக்கு,

ஈசோவுக்குத் துதி. புது வருஷம் எல்லோருக்கும் நல்லபடியாக இருக்கட்டும்.

கிறிஸ்துமஸ் கார்டில் டெஸ்ஸி எழுதியிருக்கிறாள். லிஜிக்குக் கணக்கில் ஐம்பதுக்குப் பதினொன்று. இதைத்தான் எழுத மறந்தாயா? வத்சலா டீச்சர் இருந்தபோது நாற்பதுக்குக் கீழே போகாத பெண்.

டீச்சர் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் வீட்டில் உட்கார்ந்து படிக்க யார் தடுத்தது? கைக்குட்டையில் பூப்போட நேரம் இருக்கிறது, நாலு கணக்குப் போட நேரம் இல்லையா? அவள் பெயரைச் சொல்லி இங்கே மேட்ரனிலிருந்து எல்லோரிடமும் பெருமையடித்து வைத்திருக்கிறேன். பதினொன்று வாங்குகிறவளை எந்த நர்சிங் ஸ்கூலில் எடுப்பார்கள்? மருந்தின் அளவைத் தப்பாகப் போட்டு ஆளைக் கொல்லவா? பிள்ளை சோம்பேறியானால் அம்மாவைத்தான் சொல்வார்கள்.

அந்த ஒரு வீட்டுக்காரர்களை நீங்கள் எல்லோரும் சேர்ந்து அன்றைக்கே வாசலில் போய் நின்று கேட்டிருந்தால் இந்த நிலைமை வந்திருக்காது. ஊருக்கே முதுகெலும்பு இல்லை. உனக்கு எப்போதும் இல்லை.

ரோசக்குட்டி


ஆனக்குழி
9 பிப்ரவரி 1994

சேச்சிக்கு,

யார் அந்த ஒரு வீடு என்று மூன்று கடிதமாகக் கேட்கிறீர்கள். உங்கள் வீடுதான். அந்தத் தலை டெஸ்ஸியின் தலை.

மாஷ் கேட்டதை எழுதிப் போட்டுவிட்டு மே மாதம் முடியும்வரை தினமும் போஸ்ட் ஆபீசுக்கு நடந்தேன். முப்பத்தொன்றாம் தேதி மதியத் தபால் பிரிக்கிறவரை அங்கேயே நின்றேன். சேச்சியின் கடிதம் இல்லை. கையில் இருந்தது ஏப்ரலில் எழுதிய கடிதம்தான், இனி வாசலை மிதிக்கக் கூடாது என்று எழுதிய கடிதம். நான் எதைக் கேட்பது? சீட் போயிருந்தால், "எம் பணத்தைத் தின்னுட்டு எம் பிள்ளைக்குக் குழி பறிச்சே"ன்னு சொல்லியிருக்க மாட்டீர்களா? நான் மாஷின் முன்னால் போய் நின்று டீசியை வாங்கினேன். அவர் எழுத உட்கார்ந்தார். பேனாவில் மை இல்லை என்று இரண்டு தடவை உதறினார், அவ்வளவுதான்.

ஒரு வாரம் என்ன, ஒரு மாதம் கொடு என்று சேச்சி எழுதியது எல்லாம் முடிந்தபிறகு வந்தது. அதைப் படித்துவிட்டு நான் என்ன எழுதியிருக்க வேண்டும்? தடங்கலில்லாமல் முடிந்தது என்று எழுதினேன். அப்புறம் மில்காரர்களைத் திட்டினீர்கள், அச்சனிடம் போகச் சொன்னீர்கள், மனசைப் பற்றியெல்லாம் எழுதினீர்கள். படித்துக்கொண்டே கஞ்சி வைத்தேன், அடிப்பிடித்தது.

கைக்குட்டையில் பூப்போட நேரம் எங்கே கிடைத்தது என்று கேட்டீர்களே. கணக்குப் பீரியடில் கிடைத்தது. தையல் டீச்சர் வேறு எதைச் சொல்லிக் கொடுப்பார்? சேச்சி ஊருக்கெல்லாம் காட்டிய அந்த நர்ஸ் தொப்பி, அல்ஜிப்ரா நடக்க வேண்டிய நேரத்தில் தைத்தது. எம் பொண்ணு சோம்பேறி இல்லை. பெஞ்சில் கை வைக்க இடமில்லாமல், சொல்லித் தர ஆளில்லாமல், புரியாத புத்தகத்தை இரவு முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். பதினொன்றும் அவள் சொந்தமாக எடுத்ததுதான்.

டெஸ்ஸிக்கும் தெரியும். கர்ணச் சண்டை அன்றைக்கு, "நீ போனதாலதான் எங்க டீச்சர் போனாங்க" என்று லிஜி சொல்லிவிட்டாள். அந்தப் பிள்ளை மேல் என்ன தப்பு? அவளை யாரும் கேட்கவில்லை. என் மேல் தப்பா, சேச்சி மேல் தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. சேச்சி பிள்ளைக்கு நல்லது நினைத்தீர்கள், நான் சொன்னதைச் செய்தேன். ஒரு பிள்ளை நகர்ந்தால் ஐம்பது பிள்ளைக்குத் தரை போய்விடும் என்று கணக்கு வைத்தவனை என்னால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. எட்டுகிற தூரத்தில் சேச்சிதான் இருக்கிறீர்கள். அதனால் எழுதிவிட்டேன்.

பெண்ணம்மா


பெங்காசி
18 ஏப்ரல் 1994

பெண்ணம்மாவுக்கு,

ஈசோவுக்குத் துதி. இரண்டு மாதமாக எழுதாததற்கு உடம்பு காரணம் இல்லை.

லிஜியைச் சோம்பேறி என்று எழுதியது தப்பு. அதை அவளிடம் படித்துக் காட்டியிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.

மே மாதமே டெஸ்ஸிக்கு டீசி வாங்கு. ஆனக்குழியில் பத்தாம் வகுப்பில் சேர்த்துவிடு. கட்டிய பணம் போனால் போகட்டும். ஆறாம் நாளுக்குள் அவள் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். ஐம்பத்தொன்று ஆகட்டும், டீச்சர் வரட்டும். இன்னும் ஒரு வருஷம் முழுசாக இருக்கிறது, லிஜி பிடித்துவிடுவாள். இந்தத் தடவை என் பதிலுக்குக் காத்திருக்காதே.

ரோசக்குட்டி


ஆனக்குழி
10 ஜூன் 1994

பிரியமுள்ள சேச்சிக்கு,

ஈசோவுக்குத் துதி. எல்லோரும் நலம். சேச்சியின் கடிதம் இந்தத் தடவை மே பதினைந்துக்கே வந்துவிட்டது. அன்றைக்கே மாஷைப் பார்க்க ஓடினேன்.

மாஷ் கடிதத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரோசக்குட்டி நல்ல மனசுக்காரி. ஆனா இப்ப பத்தாம் கிளாஸ்ல நாப்பத்துநாலு பேர்தான் மோளே. டீச்சர் இல்லாத ஸ்கூல்ல எதுக்குன்னு ஆறு பேர் போயிட்டாங்க. உன் டெஸ்ஸி வந்தா நாப்பத்தஞ்சு. அதுக்கு எனக்கு ஒரு சாக்பீஸ்கூட அதிகம் கிடைக்காது. அந்தப் பொண்ணு படிப்பையும் சேர்த்துக் கெடுக்காதே."

அதனால் டீசி வாங்கவில்லை. இந்த முடிவு நான் எடுத்ததுதான், சேச்சி திட்டுவதானால் திட்டுங்கள்.

நேற்று முன்தினம் ஆறாம் நாள். காலையில் டெஸ்ஸி எப்போதும் போல டை கட்டிக்கொண்டு மஞ்சள் பஸ்ஸுக்குப் போனாள் என்றுதான் நினைத்தேன். பத்து மணிக்கு மாஷ் ஆள் அனுப்பினார். பதறிக்கொண்டு போனேன்.

பத்தாம் வகுப்பில் கடைசிப் பெஞ்சில், லிஜிக்குப் பக்கத்தில், டெஸ்ஸி உட்கார்ந்திருக்கிறாள். எட்டாம் வகுப்பில் போட்ட பழைய யூனிஃபார்ம். எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ. பாவாடை முட்டிக்கு மேல் நிற்கிறது, சட்டையின் பட்டன் இழுத்துக்கொண்டு நிற்கிறது. போன வருஷம் வந்த அதே ஆபீசர். எண்ணி முடித்துவிட்டு மறுபடியும் எண்ணினார்.

"பேர் நாப்பத்துநாலு, தலை நாப்பத்தஞ்சு. எப்படி மாஷே? போன வருஷம் குறைஞ்சது, இந்த வருஷம் கூடுது?"

டெஸ்ஸி எழுந்து நின்றாள்.

"போன வருஷம் ஒண்ணு குறைஞ்சதே சார், அது நான்தான். இப்ப வந்துட்டேன். எங்க டீச்சரைத் திருப்பித் தாங்க."

ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை சேச்சி. அந்த ஆபீசர் கெட்டவரில்லை, குரல் தாழ்த்தித்தான் சொன்னார்.

"போன வருஷக் கணக்கு மூடியாச்சு கண்ணு. உக்காரு."

"உக்காந்தா எண்ணுவீங்களா?"

அவர் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார். டெஸ்ஸி அப்படியே நின்றாள். லிஜிதான் அவள் கையைப் பிடித்து இழுத்து, தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள். இரண்டு பேரையும் சாயங்காலம் வரை நான் கூப்பிடவில்லை. மறுநாள் டவுன் ஸ்கூலில் சொல்லாமல் லீவு எடுத்ததற்கு ஃபைன் கட்டினேன்.

மழை பிடித்துக்கொண்டது. ஆபீசர் வந்து போன அன்றைக்கே வகுப்பில் புதிதாக ஒரு இடத்தில் ஒழுகுகிறது. சேச்சி முட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தை ஒட்டப் போகும்போது லிஜி வந்து ஒன்று கேட்டு எழுதச் சொன்னாள். பேரம்மாவின் ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பும் திரைச்சீலையும் தைக்க ஆள் எடுப்பார்களா? அதற்குக் கணக்கு மார்க் கேட்பார்களா?

என்று,
தங்கை பெண்ணம்மா